கடைசிக் கதிர்வீச்சும் புதுவீட்டுச் சாவியும்



மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு என்று வரிசையாகக் கடந்து வருபவருக்குக் கடைசிக் கதிர்வீச்சு நாள் மருத்துவமனையின் கணக்கில்தான் முடிவு. உடம்பின் கணக்கு வேறு. பேச்சுவழக்கில் ‘கரண்ட் வைப்பது’ எனப்படும் கதிர்வீச்சுச் சிகிச்சை முன்பெல்லாம் 5 வாரம், 25 தவணை என்று ஓடியது. இப்போது பலருக்கு 3 வாரத்தில் 15 தவணையோடு முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு தவணையும் சில நிமிட வேலைதான். ஆனால் தோலின் சிவப்பும் எரிச்சலும் உச்சத்துக்கு வருவது பெரும்பாலும் கடைசித் தவணைக்குப் பிந்தைய ஒன்றிரண்டு வாரங்களில். களைப்பும் சிகிச்சை முடியும் சமயத்தில் கூடி, வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீளும்.

புதுவீட்டுக்கு நாள் பார்ப்பவர்கள் இந்த இடைவெளியை நினைப்பதில்லை. ‘கரண்ட் முடிஞ்ச அடுத்த வாரமே பால் காய்ச்சிடலாம்’ என்று காலண்டரைப் புரட்டுகிறார்கள். வீட்டு மனிதர்கள் மட்டும் நின்று பால் காய்ச்சிக் குடியேறுவதில் தவறில்லை. ஹோமப் புகை, ஊரைக் கூட்டிச் சாப்பாடு, விடியற்காலை தொடங்கி நின்றுகொண்டே வரவேற்பு என்பவை இரண்டு மூன்று மாதம் பொறுக்கலாம். உறவினர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கீமோ நடக்கும்போதே வீடு மாறுபவர்களுக்குத் தூசு இன்னொரு கவலை. ஒவ்வொரு கீமோவுக்கும் பிறகு, ஏறக்குறைய 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளணுக்கள் மிகவும் குறையும். சுவரில் துளை போடும்போதும் பழைய பூச்சைக் கொத்தும்போதும் கிளம்பும் தூசில் பூஞ்சை வித்துகள் இருக்கும். அணுக்கள் குறைந்த உடம்பில் அவை நுரையீரலைத் தாக்கக்கூடும். அலமாரி மாட்டுவது, வயரிங், பெயின்ட் எல்லாம் முடிந்து, வீட்டைக் கழுவித் துடைத்த பிறகே நோயாளி உள்ளே வருவது நல்லது. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் காலத்தில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆகவே புதுத்தெருவில் பால்காரரையும் கேபிள்காரரையும் விசாரிப்பதற்கு முன் விசாரிக்க வேண்டியது, இரவில் அவசரப் பிரிவு இயங்கும் மருத்துவமனை எங்கே, அங்கே போக வண்டிக்கு யாரைக் கூப்பிடுவது என்பதைத்தான்.

அக்குள் நிணநீர்க் கணுக்களை எடுத்தவருக்கு அந்தப் பக்கத்துக் கை வீங்கும் வாய்ப்பு ஆயுள் முழுக்க உண்டு. அந்தக் கையால் கனமே தூக்கக் கூடாது என்று முன்பு சொல்லப்பட்டது. 2009இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, கண்காணிப்போடு படிப்படியாக எடை தூக்கிப் பழகியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை என்று காட்டியது. இதில் ‘படிப்படியாக’ என்பதுதான் உயிர்நாடி. நேற்றுவரை கட்டிலில் கிடந்தவர் இன்று கிரைண்டரையும் புத்தகப் பெட்டியையும் நகர்த்தலாம் என்று அதற்குப் பொருளில்லை. சமையலறையில் தினசரிப் பாத்திரங்கள் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட தட்டுகளில் இருக்கட்டும். பரணில் ஏற்றுவதும் இறக்குவதும் மற்றவர் வேலை. கை தூக்கி நீட்டும் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி தனியாகச் செய்யலாம். அதற்காகப் பரணில் ஏற வேண்டியதில்லை. அரிவாள்மணைக் கீறல், எண்ணெய்த் தெறிப்பு, கொசுக்கடி, தொட்டிச்செடி முள் எதுவானாலும் அந்தக் கையில் சீழ் பிடிக்க விடக் கூடாது. கை சிவந்து சூடானால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பாக்ளிடாக்சல் போன்ற கீமோ மருந்து ஏறியவர்களுக்குக் கால்விரல்கள் மரத்துப் போவதுண்டு. புதுவீடுகளின் பளபளப்பான டைல்ஸ் தரையும் ஈரமான குளியலறையும் அவர்களுக்கு ஆபத்து. வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கும் வழக்கத்தைக் கொஞ்ச காலம் விட்டு, வழுக்காத வீட்டுச் செருப்பு போட்டுக்கொள்ளலாம். குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி வேண்டும். கீசர் தண்ணீரின் சூட்டை வீட்டில் வேறொருவர் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

புதிய அக்கம்பக்கத்தார் கீமோவில் முடி கொட்டிய தலையைப் பார்த்து, ‘திருப்பதி போய்ட்டு வந்தீங்களா?’ என்று கேட்பார்கள். ஆமாம் என்றால் பேச்சு அதோடு முடியும். உண்மையைச் சொன்னால் சிலர் நெருங்குவார்கள், சிலர் குழந்தைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்கள். எதைச் சொல்வது என்பது நோயாளியின் உரிமை, கணவருடையதோ மாமியாருடையதோ அல்ல. நோய் ஒட்டாது. வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர்வீச்சு உடம்பில் தங்குவதும் இல்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம்.

தவணைகள் தீர்ந்த மறுவாரம் மனம் கனப்பது பலருக்கும் நேர்வது. தினமும் விசாரித்த செவிலியர் இல்லை, பழைய தெரு இல்லை, வீட்டில் எல்லோரும் ‘எல்லாம் முடிஞ்சுது’ என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். நோயாளிக்கோ அப்போதுதான் பயம் தலைதூக்கும். இது நன்றிகெட்டதனமும் அல்ல, பலவீனமும் அல்ல. தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மேலும், எல்லாம் முடிந்துவிடுவதும் இல்லை. ஹார்மோன் சார்ந்த கட்டியாக இருந்தால் டாமாக்ஸிஃபென் அல்லது லெட்ரோசோல் போன்ற மாத்திரை 5 ஆண்டோ அதற்கு மேலோ தொடரும்.

சாமான் கட்டும்போது மருத்துவக் கோப்பு லாரியில் ஏறக் கூடாது. கைப்பையில் வர வேண்டும். என்ன மருந்து, எத்தனை தவணை, பயாப்ஸி முடிவு என்ன என்று மருத்துவர் கையெழுத்திட்ட சுருக்கத்தை வாங்கி, நகலும் எடுத்துவைக்கலாம். முதல் 3 ஆண்டுகளில் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை, ஆண்டுக்கொரு மேமோகிராம் என்பது பொதுவான முறை. அறிகுறி எதுவும் இல்லாதவர் மனநிம்மதிக்காக ஆண்டுதோறும் பெட் ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை. சென்னையில் சிகிச்சை பெற்றுவிட்டுத் திருச்சிக்கோ நெல்லைக்கோ குடிபோகிறவர், பரிசோதனைக்கு வர ரயில் சலுகையைக் கேட்டுப் பெறலாம். புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுச் சலுகையும், துணைக்கு வருபவருக்குக் கட்டணக் குறைப்பும் உண்டு. அதற்கு ரயில்வே படிவத்தில் மருத்துவரின் சான்று தேவை. கீமோ ஏற்றுவதற்காக நெஞ்சில் வைத்த போர்ட் இன்னும் இருந்தால், அடைத்துக்கொள்ளாமல் இருக்க அதை மருத்துவமனை சொல்லும் இடைவெளியில் மருந்துநீர் செலுத்திக் கழுவ வேண்டும். புது ஊரில் அதை எங்கே செய்வார்கள், எப்போது எடுப்பார்கள் என்பதைக் கடைசித் தவணைக்கு முன்பே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.