தகவல் அமைப்புத் துறையில் புகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

வியாபார ஸ்தாபனம் ஒன்றின் தகவல் அமைப்பை வகுக்கும் பொறுப்பு உன் கைக்கு வந்திருப்பதை அறிந்து மகிழ்ந்தேன். படிப்பை முடித்த சூட்டோடு இத்துறையில் நுழைகிறவர்கள் பெரும்பாலும், எந்த மென்பொருளை வாங்குவது, தரவுகளை எந்தக் கம்பெனியின் சர்வரில் வைப்பது என்ற விசாரங்களிலேயே முதல் ஆறு மாதத்தைக் கழித்துவிடுகிறார்கள். அவற்றுக்கு விடை சொல்ல விற்பனைப் பிரதிநிதிகள் ஏராளமாக இருக்கிறார்கள். நன்றாக உடுத்தி, இனிமையாகப் பேசி, குளிரூட்டிய அறையில் படம் போட்டுக் காட்டவும் அவர்களுக்குத் தெரியும். ஆகையால் அந்தச் சங்கதிகளை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். ஒரு ஸ்தாபனத்தில் யாருக்கு, எந்த வேளையில், எந்தச் செய்தி தெரிந்தால் எந்தக் காரியம் செவ்வையாக நடக்கும் என்னும் ஒரே விசாரணையிலிருந்துதான் மற்ற அனைத்தும் பிறக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். அதை உனக்கு விளக்கிச் சொல்லவே இக்கடிதத்தை எழுதத் துணிந்தேன்.

கணினி பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வியாபாரிகளிடம் தகவல் அமைப்பு இருந்தது. வெனிஸ் நகரத்து வணிகர்கள் நெடுங்காலமாகக் கையாண்டுவந்த இரட்டைப் பதிவுக் கணக்குமுறையை, லூக்கா பசியோலி என்ற துறவி 1494-ஆம் ஆண்டு அங்கே அச்சிட்ட தம் கணித நூலில் விவரித்தார். கொடுக்கல் வாங்கல் ஒவ்வொன்றும் நடந்த கணமே குறிப்பேட்டில் ஏறி, அதிலிருந்து ஒழுங்குபடுத்தப்பட்டு நாளேட்டுக்கும், பின்னர் பற்று ஒரு புறமும் வரவு மறு புறமுமாகப் பேரேட்டுக்கும் சென்று, இரு புறமும் சமமாகின்றனவா என்று சோதிக்கப்படும். செய்தியைப் பதியும் ஏடு, பதிவதற்கென்று ஒரு விதி, பதியும் கணக்கர், பிழையைப் பிடிக்கும் சோதனை ஆகிய யாவும் அங்கே இருந்தன. மின்சாரம் ஒன்றுதான் இல்லை. இன்றைய பாடப் புத்தகங்கள் வன்பொருள், மென்பொருள், தரவு, மனிதர், நடைமுறை என்று ஐந்து அங்கங்களை எண்ணிக் காட்டுகின்றன. முதல் இரண்டையும் பணம் கொடுத்தால் கடையில் வாங்கலாம். பின் இரண்டையும் எந்தக் கடையிலும் வாங்க இயலாது. அவற்றை வகுத்து அமைப்பதற்காகத்தான் உனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

இதற்கு நான் அறிந்த உதாரணங்களில் தலைசிறந்தது இங்கிலாந்தின் ஜே. லயன்ஸ் கம்பெனியின் சரித்திரம். 1894-ல் லண்டன் பிக்காடில்லியில் முதல் தேநீர்க் கடையைத் திறந்து, பிறகு நகரெங்கும் கிளை பரப்பி, ரொட்டியும் கேக்கும் ஐஸ்கிரீமும் தன் சொந்த ஆலைகளிலேயே தயாரித்து விற்ற கம்பெனி அது. சாமானிய மக்கள் சில பென்னிகளைக் கொடுத்துப் பசியாறிச் செல்லும் அக்கடைகளில் ஒவ்வொரு விற்பனையிலும் கிடைத்த லாபம் அற்பசொற்பமே. அந்தச் சொற்பத்தையும், விற்றதைக் கணக்கு எழுதும் செலவு விழுங்கிவிடக்கூடிய நிலை. ஆகவே கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்ற ஜான் சிம்மன்ஸ் என்பவர் அங்கே பணியில் அமர்ந்து, காரியாலய வேலையையே ஆராயும் பிரிவொன்றை ஏற்படுத்தி, எந்தத் தாள் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது, போய் என்ன பயனைத் தருகிறது, போகாவிட்டால் என்ன கெட்டுவிடும் என்று ஆண்டுக்கணக்கில் விசாரித்துக்கொண்டிருந்தார். இவ்விசாரணை நடந்த காலத்தில் கணினி என்பது உலகில் எங்குமே இல்லை என்பதை நீ மனத்தில் இருத்த வேண்டும்.

1947-ல் அக்கம்பெனியின் உத்தியோகஸ்தர்களான தாம்சன், ஸ்டாண்டிங்ஃபோர்டு ஆகிய இருவரும் காரியாலய முறைகளைப் பார்வையிட அமெரிக்கா சென்றார்கள். யுத்த காலத்தில் பீரங்கிக் கணக்குப் போடுவதற்காக அமைத்த மின்னணு எந்திரத்தைப் பற்றி அங்கே கேள்விப்பட்டபோது, அதனால் சம்பளப் பட்டியலும் சரக்குக் கணக்கும் போட முடியும் என்று அவர்களுக்கு உடனே தோன்றியது. பட்டியலின் ஒவ்வொரு படியையும் ஏற்கெனவே பிரித்துப் பார்த்துப் பழகிய கம்பெனியிலிருந்து வந்தவர்கள் அவர்கள். ஆகையால் எந்திரத்திடம் என்ன கேட்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் அமைத்துக்கொண்டிருந்த எட்சாக் என்னும் கணினிக்கு லயன்ஸ் 3,000 பவுன் நன்கொடை அளித்தது. அது 1949-ல் இயங்கத் தொடங்கியதும், லயன்ஸ், ஜான் பிங்கர்டன் என்ற பொறியாளரைக் கொண்டு தனக்கென்றே லியோ என்னும் கணினியைச் செய்துகொண்டது. 1951 நவம்பரில் ரொட்டி ஆலையின் உற்பத்தி மதிப்பீட்டை லியோ கணக்கிட்டது. வியாபார ஸ்தாபனம் ஒன்றின் அன்றாட அலுவலைக் கணினியொன்று முறையாக ஏற்றது அதுவே முதல் முறை என்று சரித்திராசிரியர்கள் கருதுகிறார்கள். பெரிய பெரிய வங்கிகளும் எஃகு ஆலைகளும் இருக்க, தேநீர் விற்கிறவர்கள் அந்த ஸ்தானத்தை அடைந்தார்கள்!

தேநீர்க் கடைகளுக்கு நாள்தோறும் பண்டம் அனுப்பும் ஏற்பாட்டை அவர்கள் லியோவின் வசம் ஒப்படைத்த விதம், நீ ஊன்றிக் கவனிக்கத் தக்கது. ஒவ்வொரு கடையின் தலைவியும் நாளைக்கு வேண்டிய பண்டங்கள் அத்தனையையும் அன்றாடம் எழுதி அனுப்புவது என்றால், நூற்றுக்கும் மேற்பட்ட கடைகளிலிருந்து வரும் எண்களை எல்லாம் எந்திரத்தில் ஏற்றுவதற்கே ஒரு பட்டாளம் வேண்டியிருக்கும். டேவிட் கமினர் தலைமையில் வேலை செய்தவர்கள் அக்கடைகளின் போக்கைப் பார்த்து, வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் கடைக்குக் கடை வேண்டுவது பெரும்பாலும் நிலையானது, மாறுவது சிலதே என்று கண்டார்கள். ஆகவே நிலையான பட்டியல் கணினியிடம் இருந்தது. தலைவியானவள் அதிலிருந்து மாறுவதை மட்டும் தொலைபேசியில் சொல்ல, காதில் கேட்பொறியுடன் அமர்ந்த பெண் அதைக் கேட்டவாறே துளை அட்டையில் பதிந்தாள். மழை பெய்யும் போலிருக்கிறது, பக்கத்து மைதானத்தில் ஆட்டம் இருக்கிறது, நேற்று அனுப்பிய கேக்கு மீந்துவிட்டது என்பன போன்ற, எந்தப் பேரேட்டிலும் ஏறாத ஞானம் முழுவதும் அவளுடைய அந்தச் சில எண்களின் வழியே அமைப்புக்குள் வந்து சேர்ந்தது. அவ்வெண்களைக் கொண்டு, ஆலையில் எவ்வளவு செய்வது, எந்த வண்டியில் எதை ஏற்றுவது, எந்தக் கடையின் கணக்கில் எவ்வளவு எழுதுவது என்பவற்றை லியோ தீர்த்துக் கொடுத்தது. எந்திரம் செய்யக் கூடியதை எந்திரத்துக்கும், மனிதர் மாத்திரமே அறியக் கூடியதை மனிதருக்கும் பிரித்துக் கொடுத்த இந்த விவேகத்துக்கு மேல் நம் துறை பெரிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை என்று சொன்னால், உன் பேராசிரியர்கள் கோபிக்கலாம். ஆனாலும் அதுவே என் கருத்து.

கடைத் தலைவி சொன்ன அந்த ஒரே எண் படிப்படியாக மேலே ஏறும்போது வேறு வேறு பயன் தருவதையும் பார். கடையில் அது நாளைய சரக்கு. வட்டார அதிகாரியிடம், எந்தக் கடை வழக்கத்துக்கு மாறாக நடக்கிறது என்னும் எச்சரிக்கை. இயக்குநர்களிடம், எந்தப் பண்டத்தை நிறுத்துவது, எங்கே புதுக் கடை திறப்பது என்னும் தீர்மானத்துக்கு ஆதாரம். இவற்றுக்குப் பரிவர்த்தனை அமைப்பு, நிர்வாகத் தகவல் அமைப்பு, தீர்மான உதவி அமைப்பு என்று தனித்தனிப் பெயர்கள் உண்டு; பெயர்களை நீ பரீட்சைக்குப் படித்திருப்பாய். கீழ்ப்படியில் பதிவு பொய்யானால் மேல்படியில் வர்ணப் படங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அவை பொய்யே.

நீ சேர்ந்திருக்கும் ஸ்தாபனத்திலும் இவ்வாறே செய். முதல் சில வாரங்கள் கணினியைத் திறக்காமல், கிடங்கில் சரக்கு இறக்குகிற இடத்திலும், பில் போடுகிற மேஜையிலும், வசூலுக்குப் போகிறவர் பக்கத்திலும் இருந்து பார். விசேஷமாக, ஒவ்வொரு கணக்கரும் மேஜை இழுப்பறையில் வைத்திருக்கும் சொந்த நோட்டுப் புத்தகத்தையோ, கணினியில் தமக்கென்று ஒளித்து வைத்திருக்கும் எக்செல் தாளையோ, அவர் மனம் நோகாமல் கேட்டு வாங்கிப் பார். அதிகாரபூர்வமான அமைப்பு எங்கெங்கே காலை வாருகிறதோ அங்கெல்லாம் காரியம் நின்றுவிடாதபடி காக்கும் ரகசியம் அதில்தான் இருக்கும். அதைக் குற்றமாகக் கருதித் தலைமைக்குப் புகார் எழுதுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்; அவர்கள் அமைத்த அமைப்புகளையும் பார்த்திருக்கிறேன்; இரண்டைப் பற்றியும் நல்ல வார்த்தை சொல்வதற்கில்லை.

பின்பு, இம்மாத விற்பனை எவ்வளவு என்று விற்பனைப் பகுதியையும் கணக்குப் பகுதியையும் தனித்தனியே கேள். இரண்டு விடைகள் வரும். ஒருவர் ஆர்டர் வந்த தேதியைக் கொண்டும், மற்றவர் பில் போட்ட தேதியைக் கொண்டும் எண்ணியிருப்பார், இருவரும் யோக்கியர்களே. 1970-ல் ஐபிஎம் ஆராய்ச்சியாளர் எட்கர் காட் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த உறவுமுறைத் தரவுத்தளங்கள், ஒரு செய்தியை ஒரே இடத்தில் பதிந்து எங்கிருந்தும் எடுத்தாள வழி செய்தன; ஆனால் எந்தத் தேதியை விற்பனைத் தேதி என்று கொள்வது என்பதை எந்தத் தரவுத்தளமும் உனக்குச் சொல்லாது. இரு பகுதித் தலைவர்களையும் ஓர் அறையில் உட்கார வைத்துச் சம்மதம் பெறுவது உன் வேலை. அது நிரல் எழுதுவதைவிடக் கஷ்டமான வேலை.

பழைய ஏட்டை மூடுவதில் அவசரம் கூடாது. அனுபவமுள்ள குமாஸ்தா 8 நிமிஷத்தில் போட்ட ஒரு தொழிலாளியின் சம்பளக் கணக்கை லியோ ஒன்றரை விநாடியில் போட்டது. அப்படியிருந்தும், குமாஸ்தாக்களின் கணக்கோடு எந்திரத்தின் கணக்கை வைத்து ஒத்துப் பார்த்த பிறகே, 1954 தொடக்கத்தில் சம்பளப் பட்டியலை அதனிடம் முழுவதுமாக ஒப்படைத்தார்கள். வெள்ளிக்கிழமை சம்பளம் தவறினால் வருந்தப்போவது எந்திரமல்ல என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இனி, சொல்ல வருத்தமான பகுதிக்கு வருகிறேன். லயன்ஸ் தன் கணினிகளுக்கென்று அமைத்த லியோ கம்பெனி 1963-ல் இங்கிலீஷ் எலக்ட்ரிக்கின் கணினிப் பகுதியுடன் இணைந்தது. அப்படி இணைந்த கம்பெனி 1968-ல் ஐசிஎல் என்னும் பெரிய கம்பெனிக்குள் அடங்கியது. ஐசிஎல்லின் பெரும் பங்கை 1990-ல் ஜப்பானின் ஃபுஜிட்ஸு வாங்கியது. அந்த ஐசிஎல் வழிவந்தவர்கள் அமைத்ததுதான், 1999 முதல் பிரிட்டிஷ் தபால் நிலையங்களில் நிறுவப்பட்ட ஹொரைசான் என்ற கணக்கு அமைப்பு. துணைத் தபால் நிலையங்களை நடத்திய எளிய கடைக்காரர்களின் திரையில், இல்லாத பற்றாக்குறைகளை அது காட்டியது. பற்றாக்குறையை அவர்களே ஈடுகட்ட வேண்டும் என்று ஒப்பந்தம் இருந்தது. உதவி கேட்டு அழைத்தபோது, வேறு யாருக்கும் இந்தக் குறை இல்லை, உங்களுக்கு மட்டும்தான் என்று சொல்லப்பட்டதாகப் பலர் சாட்சியம் அளித்திருக்கிறார்கள். கணினிச் சான்றைக் கொண்டுவருகிறவர், அது சரிவர இயங்கியதென்று நிரூபிக்க வேண்டும் என்று விதித்திருந்த சட்டப் பிரிவையும் அதே 1999-ல் நிறைவேறிய சட்டமொன்று நீக்கிவிட்டது. விளைவு, ஹொரைசான் காட்டிய எண்களின் பேரில் 900-க்கும் அதிகமானோர் திருட்டு, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றார்கள். சிறை சென்றவர்களும், வீடு வாசல் இழந்தவர்களும் உண்டு. அமைப்பில் பிழைகள் இருந்தன என்று 2019 டிசம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்ய 2024 மே மாதத்தில் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

இரண்டு அமைப்புகளையும் சேர்த்து நினைத்துப் பார். பிழையில்லாத மென்பொருள் லயன்ஸிடமும் இருந்திருக்க முடியாது, எவரிடமும் இருந்ததில்லை. ஆனால் அங்கே கடைத் தலைவியின் வாய்ச்சொல்தான் அமைப்பு இயங்குவதற்கே ஆதாரம். இங்கேயோ, இந்த எண் என்னுடையதல்ல என்று கடைக்காரர் சொன்ன சொல்லுக்கு அமைப்பினுள் நுழைய ஒரு வாசல்கூட இல்லை. ஆகையால், நீ வகுக்கும் திட்டத்தில், திரையில் தெரியும் எண்ணை ஓர் ஊழியர் மறுத்தால் அம்மறுப்பை எங்கே பதிவது, யார் எத்தனை நாளுக்குள் விசாரிப்பது, எண் மாறிய தடயத்தை அவருக்கும் எப்படிக் காட்டுவது, விசாரணை முடியும்வரை நஷ்டத்தை யார் தாங்குவது என்ற நான்கையும் தெளிவாக எழுதி ஒரு பக்கம் சேர்த்துவிடு. செலவைக் குறைப்பதற்காக அப்பக்கத்தை எடுத்துவிடச் சொல்வார்கள். அது இல்லாத திட்டத்தில் நீ கையெழுத்திடாதே.

அன்புடன்,
உன் அண்ணன்