முளைத்தால் மட்டும் போதுமா?

குளுவாங், சிகாமட் பக்கம் மறுநடவு நடக்கும் செம்பனைத் தோட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். பழைய மரங்களைச் சாய்த்த இடத்தில், இளங்கன்றுகளுக்கு நடுவே கொடி ஒன்று தரையை மூடிப் படர்ந்திருக்கும். பியூரேரியா, கலப்போகோனியம், முக்குனா என அதில் பல இனங்கள் உண்டு. எல்லாமே நம் வீட்டுப் பயற்றங்காயின் குடும்பம்தான். மழையில் மண் அரித்துப் போகாமல் காப்பதும், வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியாவின் துணையோடு காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்ப்பதும் இவற்றின் வேலை.

இந்த மூடுபயிரின் விதை கைவிட்டால் களை முந்திக்கொள்ளும். ஒரு பெருமழைக்கே மேல்மண் ஓடைக்குப் போய்விடும். எனவே விதைப்பதற்கு முன்பே விதையைச் சோதிக்க வேண்டும்.

ஈரத்தாளில் விதைகளை வைத்து, எத்தனை முளைக்கின்றன என்று எண்ணுவது முளைப்புச் சோதனை. ஆனால் ஆய்வகத்தில் ஈரமும் வெப்பமும் அளவோடு இருக்கும். தோட்டத்தில் அப்படியா? ஆய்வகத்தில் ஒரேபோல் முளைத்த இரண்டு மூட்டை விதைகளில், ஒன்று சேற்றிலும் வெயிலிலும் தாக்குப்பிடிக்கும். மற்றது பாதியிலேயே நின்றுவிடும். இந்தத் தாங்கும் ஆற்றலுக்கு விதை வீரியம் என்று பெயர்.

அதை எப்படி அளப்பது? பயறு வகைகளுக்கு எனக்குப் பிடித்த வழி மின்கடத்தல் சோதனை. விதை முதுமையடையும்போது அதன் செல் சவ்வுகள் பழுதாகின்றன. நீரில் ஊறப்போட்டால் பொட்டாசியம் போன்ற அயனிகளும் சர்க்கரையும் வெளியே கசியும். அயனிகள் கூடினால் அந்த நீர் மின்சாரத்தை அதிகமாகக் கடத்தும். இதற்கு அனைத்துலக விதைச் சோதனைச் சங்கம் வகுத்த முறை எளிது. எடை பார்த்த 50 பட்டாணி விதைகளை, அயனி நீக்கிய 250 மில்லிலீட்டர் நீரில், 20 பாகை செல்சியசில் 24 மணி நேரம் ஊறவைக்கிறார்கள். பிறகு நீரின் மின்கடத்துதிறனை அளக்கிறார்கள்.

ஒரு கணக்குப் பாருங்கள். விதைகளின் எடை 10 கிராம், ஊறிய நீரின் அளவீடு 320, வெறும் நீரின் அளவீடு 5 என்று வைத்துக்கொள்வோம். (320 − 5) ÷ 10 = 31.5. பட்டாணியில் 25-க்குக் கீழ் வந்தால் வீரியமான விதை. 43-ஐத் தாண்டினால் விதைக்கவே லாயக்கில்லை. நம் விதை நடுவில் நிற்கிறது. நிலமும் பருவமும் நன்றாக இருந்தால் தப்பிக்கும்.

சோயாவுக்கு வேறு வழி உண்டு. ஈரக்காற்று நிறைந்த மூடிய பெட்டியில் 41 பாகை வெப்பத்தில் 72 மணி நேரம் விதைகளை வைத்து வதைத்து, அதன்பின் முளைக்க விடுகிறார்கள். ஜொகூர் வெக்கையில் கட்டிய சாக்கு மூட்டைக்குள் மெல்ல நடப்பதுதான் இங்கே மூன்றே நாளில் நடந்துவிடுகிறது.

அவசரமென்றால் டெட்ரசோலியம் இருக்கிறது. நிறமற்ற இந்தக் கரைசல், சுவாசிக்கும் திசுக்களில் நொதிகளின் செயலால் சிவப்பாக மாறும். இறந்த திசுக்கள் வெள்ளையாகவே இருக்கும். வித்திலையின் ஓரத்தில் சிறு வெள்ளைப் புள்ளி இருந்தால் பெரிய கவலையில்லை. முளைவேர் வெளுத்திருந்தால் அந்த விதை தேறாது.

இதைப் பள்ளியிலேயே செய்து பார்க்கலாம். ஆய்வகத்தில் மின்கடத்துமானி இருக்கிறதா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். புதிய பச்சைப்பயறும், அலமாரியில் வெகுநாள் கிடந்த பச்சைப்பயறும் சம எடையில் எடுத்துச் சம அளவு காய்ச்சி வடித்த நீரில் தனித்தனியே ஊறவைத்து ஒப்பிடுங்கள். பட்டாணியின் எண்களைப் பச்சைப்பயற்றுக்குப் பொருத்திவிடாதீர்கள். எது அதிகம், எது குறைவு என்று பார்த்தால் போதும்.

மறுநாள் ஊறாமல் கல்லாகவே கிடக்கும் பயறுகளைத் தனியே எடுத்துத் துடைத்து நிறுத்து, அந்த எடையைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். அவற்றின் தோல் நீரை உள்ளே விடுவதில்லை, அதனால் எதுவும் கசிவதுமில்லை. மூடுபயிர் விதைகளில் இந்தக் குணம் அதிகம். பியூரேரியாவை வெந்நீரில் போட்டும், முக்குனாவின் தோலை நகவெட்டியால் கீறியும் விதைப்பது இதனால்தான். பாட்டி வைத்த பயற்றங்கஞ்சியில் எப்போதாவது பல்லில் கடக்கென்று மாட்டுமே, அதுவும் இதே சாதிதான்.