பட்டாளத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு

எங்கள் எழுத்தறிவு மையத்துக்கு ஒரு அக்கா வருகிறார். அவர் கணவர் பட்டாளத்தில் இருந்தார். ராணுவ மருத்துவப் படையில் அவருக்கு வேலை. நர்சிங் அசிஸ்டெண்ட் என்பார்கள். காயம் பட்ட வீரருக்குக் கட்டுப் போடுவார். டாக்டர் எழுதித் தரும் ஊசியைப் போடுவார். இரவெல்லாம் நோயாளி பக்கத்தில் கண் விழித்திருப்பார்.

17 வருடம் வேலை செய்தார். 39 வயதில் ஓய்வு பெற்று ஊருக்கு வந்தார். அவரை நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம்.

39 வயது ஓயும் வயதா? மூத்த பெண் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பையன் ஐந்தாம் வகுப்பு. பென்ஷன் வருகிறது. ஆனால் இரண்டு பிள்ளைகள் படிப்புக்கும் வீட்டுச் செலவுக்கும் அது போதவில்லை.

மாமா வந்த மூன்றாம் நாளே வாசலில் கூட்டம்.

"தம்பி, காய்ச்சலா இருக்கு. ஒரு ஊசி போடுப்பா."

"மிலிட்டரி டாக்டரே, முட்டி வலிக்கு மாத்திரை கொடு."

தெருப் பெரியவர் ஒருவர் யோசனை சொன்னார். "பஸ் ஸ்டாப்பு பக்கத்துல என் கடை சும்மா கிடக்கு. ஒரு மேசை, நாலு நாற்காலி போடு. ஊசிக்கு அம்பது ரூபாய் வாங்கு. பென்ஷனைவிட அதிகம் வரும்."

அக்காவுக்கும் ஆசை வந்தது. பெண்ணின் படிப்புக்குப் பணம் வேண்டுமே. மாமா இரண்டு நாள் எதுவும் பேசவில்லை. மூன்றாம் நாள் இரவு சொன்னார்.

"பட்டாளத்துல நான் என் இஷ்டத்துக்கு ஊசி போடலை. டாக்டர் எழுதுவார், நான் போடுவேன். மருந்து ஒத்துக்காம ஒருத்தர் மயங்கி விழுந்தா, டாக்டர் ஓடி வருவார். ஆக்சிஜன் இருக்கும். பஸ் ஸ்டாப்புல யார் வருவா? நம்ம ஊர்க்காரன் உயிரை வச்சு நான் பழக முடியுமா?"

மாமா சொன்னது சரி. சட்டமும் அதையே சொல்கிறது. தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019இல் வந்தது. டாக்டராகப் பதிவு செய்யாதவர் வைத்தியம் செய்தால் ஒரு வருடம் வரை சிறை கிடைக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் வரலாம். இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

அப்படியென்றால் மாமா கற்ற தொழில் வீணா? இல்லை. அதற்கு நேர்வழி உண்டு. அந்த வழியைத் தேடும்போது அவருக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம்.

தொழில் உண்டு, தாள் எங்கே?

மாமா முதலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார். நர்ஸ் வேலை கேட்டார்.

"செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்திருக்கிறீர்களா?" என்று கேட்டார்கள்.

மாமாவிடம் அது இல்லை. திரும்பி வந்துவிட்டார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் அக்கா மையத்தில் இதைச் சொன்னார். குரல் அடைத்தது. "பதினேழு வருசம் உயிரைக் காப்பாத்தினவர் டீச்சர். இங்கே ஒரு தாள் இல்லைன்னு அனுப்பிட்டாங்க."

ராணுவம் தன் தேவைக்காகப் பயிற்சி தருகிறது. வெளியில் நர்ஸ் என்று வேலை செய்ய நர்சிங் படித்திருக்க வேண்டும். மாநில செவிலியர் கவுன்சிலில் பெயர் பதிய வேண்டும். மருந்தாளுநர் வேலைக்கும் தனிப் படிப்பு உண்டு, தனிப் பதிவு உண்டு. நோயாளியின் பாதுகாப்புக்காகவே இந்த விதிகள். ஆனால் எல்லா வேலைக்கும் ஒரே விதி இல்லை. எந்த வேலைக்கு எந்தத் தாள் வேண்டும் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

அக்கா எழுதிய பட்டியல்

"மாமாவுக்கு என்னென்ன வேலை தெரியும்? கேட்டு எழுதி வாருங்கள்" என்று அக்காவிடம் சொன்னேன். அன்று மாலை அக்கா நோட்டை விரித்து உட்கார்ந்தார்.

"இதெல்லாம் ஒரு வேலைன்னு எழுதறதா?" என்று மாமா சிரித்தார்.

"நீங்க சொல்லுங்க. நான் எழுதறேன்" என்றார் அக்கா.

அக்கா எழுதியது இது:

1. ரத்தம் வடிவதை நிறுத்தக் கட்டுப் போடுதல்.
2. ரத்த அழுத்தம், காய்ச்சல், நாடி பார்த்து எழுதி வைத்தல்.
3. டாக்டர் சொன்னபடி ஊசி, குளுக்கோஸ் போடுதல்.
4. ஆக்சிஜன் சிலிண்டர் மாட்டுதல்.
5. கருவிகளைக் கிருமி நீக்கிச் சுத்தம் செய்தல்.
6. அடிபட்டவரை அசங்காமல் தூக்கி வண்டியில் ஏற்றுதல்.
7. மருந்து இருப்பைக் கணக்கு எழுதுதல்.

ஏழு வரிகள். சில இடங்களில் எழுத்துப் பிழை இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரிக்காரருக்குப் புரியும் சொற்கள் அவை. "பட்டாளத்தில் இருந்தேன்" என்று மட்டும் சொன்னால் இவ்வளவும் தெரியாது.

பெட்டியில் கிடந்த சான்றிதழ்

பணி முடிந்து வரும் வீரருக்கு டிஸ்சார்ஜ் புத்தகம் கொடுப்பார்கள். பெயர், பணி எண், செய்த தொழில், பணி செய்த காலம், நன்னடத்தை எல்லாம் அதில் இருக்கும். அதைப் பத்திரமாக வைக்க வேண்டும்.

மாமா அந்தப் புத்தகத்துடன் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனார். வடக்கே இதை ஜில்லா சைனிக் போர்டு என்பார்கள். அங்கே வேலைக்குப் பெயர் பதிந்தார். முன்னாள் படைவீரர் அடையாள அட்டைக்கும் எழுதிக் கொடுத்தார். அங்கிருந்த எழுத்தர் ஒரு செய்தி சொன்னார்.

முன்னாள் படைவீரருக்கும் அவர் குடும்பத்துக்கும் ஒரு மருத்துவத் திட்டம் உண்டு. பெயர் இ.சி.எச்.எஸ். அது 2003 ஏப்ரல் 1இல் தொடங்கியது. அதற்கு நாடு முழுவதும் பாலிகிளினிக்குகள் உண்டு. அங்கே ஒப்பந்த முறையில் ஆள் எடுக்கிறார்கள். நர்சிங் அசிஸ்டெண்ட் வேலைக்கு ராணுவத்தின் முதல் வகுப்புப் பயிற்சியையே தகுதியாக ஏற்கிறார்கள். ஆய்வுக்கூட வேலைக்கும் அப்படியே. மருந்தாளுநர் வேலைக்கு மட்டும் மருந்தியல் படிப்பு வேண்டும்.

மாமா முதல் வகுப்புப் பயிற்சி முடித்தவர்தான். ஆனால் சான்றிதழைக் காணோம்! நேர்காணலுக்கு அது இல்லாமல் போனார். வேலை கிடைக்கவில்லை.

வீடு முழுவதும் தேடினார்கள். தகரப் பெட்டியின் அடியில், பழைய சீருடைக்குக் கீழே அது இருந்தது. ஈரம் பட்டு ஓரம் அரித்திருந்தது. முத்திரை சரியாகத் தெரியவில்லை. மாமா லக்னோவில் உள்ள ராணுவ மருத்துவப் படையின் ஆவண அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். பணி எண்ணைக் குறிப்பிட்டு நகல் கேட்டார். பல வாரம் கழித்து நகல் வந்தது. அடுத்த விளம்பரம் வந்தபோது விண்ணப்பித்தார். இந்த முறை வேலை கிடைத்தது.

இது ஒப்பந்த வேலை. நிரந்தரம் இல்லை. அது மாமாவுக்குத் தெரியும். அதனால் அரசு வேலை விளம்பரங்களையும் விடாமல் பார்க்கிறார். இப்போது செய்தித்தாளை அக்காவே வாசித்துச் சொல்கிறார்.

மாலையில் இப்போதும் சிலர் வீட்டுக்கு வருகிறார்கள். மாமா ரத்த அழுத்தம் பார்க்கிறார். அதிகம் இருந்தால், "நாளைக்குக் காலையில ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. துணைக்கு யாரும் இல்லைன்னா நான் வர்றேன்" என்கிறார். ஊசி கேட்ட பெரியவரையும் ஒரு நாள் அப்படித்தான் அழைத்துப் போனார்.

தெரிந்துகொள்வோம்

* ராணுவத்தில் மறுவாழ்வு இயக்குநரகம் உண்டு. பணி முடியும் முன்பே வேறு தொழிலுக்குப் பயிற்சி பெற அது வழி செய்கிறது. உங்கள் வீட்டில் ஒருவர் பட்டாளத்தில் இருந்தால், கடைசி வருடம் வரும் முன்பே கேட்கச் சொல்லுங்கள்.

* மத்திய அரசின் 'சி' பிரிவு நேரடி நியமனத்தில் 100க்கு 10 இடம் முன்னாள் படைவீரருக்கு உண்டு.

* பத்தாம் வகுப்பு முடித்து 15 வருடம் பணி செய்தவருக்குப் பட்டதாரிக்குச் சமமான சான்று தருகிறார்கள். சில அரசு வேலைகளுக்கு அது உதவும். நர்ஸ், மருந்தாளுநர் போன்ற தொழில்படிப்பு வேலைகளுக்கு உதவாது.

* மருத்துவப் படையில் இல்லாதவருக்கும் ஆஸ்பத்திரியில் வேலை உண்டு. வண்டி ஓட்டியவர் ஆம்புலன்ஸ் ஓட்டலாம். அதற்குப் பொது ஓட்டுநர் உரிமம் வேண்டும். கிடங்கு பார்த்தவர் மருந்துக் கிடங்கில் கணக்கு பார்க்கலாம். மின்வேலை தெரிந்தவர் ஜெனரேட்டர் பார்க்கலாம்.

* "ஆஸ்பத்திரி வேலை வாங்கித் தருகிறேன், பணம் கொடு" என்பவரை நம்ப வேண்டாம். நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

கணக்குப் போடுவோம்

மத்திய அரசு வேலைக்கு வயது வரம்பு உண்டு. முன்னாள் படைவீரரின் வயதிலிருந்து பணி செய்த வருடங்களைக் கழிப்பார்கள். மீதி, வயது வரம்பைவிட 3 வருடத்துக்கு மேல் கூடக் கூடாது.

மாமாவுக்கு ஓய்வு பெற்றபோது வயது 39. பணி 17 வருடம். 39 – 17 = 22. ஒரு வேலைக்கு வயது வரம்பு 25 என்றால், அவர் அப்போது விண்ணப்பிக்கலாம்.

இன்னொருவருக்கு வயது 46. பணி 16 வருடம். அதே வேலைக்கு இவர் விண்ணப்பிக்க முடியுமா? நீங்கள் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்.

பதில் சொல்லுங்கள்

1. பஸ் ஸ்டாப்பில் ஊசி போட மாமா ஏன் மறுத்தார்?
2. தனியார் ஆஸ்பத்திரியில் எந்தப் பதிவைக் கேட்டார்கள்?
3. முதல் நேர்காணலில் ஏன் வேலை கிடைக்கவில்லை?
4. உங்கள் ஊரில் டாக்டர் அல்லாதவர் ஊசி போடுகிறாரா? அதனால் என்ன ஆபத்து? கூடிப் பேசுங்கள்.

செய்து பார்ப்போம்

உங்கள் வீட்டில் ஒருவருக்குத் தெரிந்த வேலைகளைக் கேளுங்கள். அக்காவைப் போல ஏழு வரி எழுதுங்கள். பிறகு வீட்டில் உள்ள சான்றிதழ்களை எல்லாம் எடுத்து ஈரம் படாத உறையில் வையுங்கள். உறையின் மேல் உள்ளே என்ன இருக்கிறது என்று உங்கள் கையால் எழுதுங்கள்.