உப்பு ஜாடி கசியுதா? மலை வீட்டுச் சமையலறையில் ஈரத்தைச் சமாளிப்பது எப்படி?

கொடைக்கானல், பூம்பாறை, மன்னவனூர் பக்கம் வீடு இருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. காலையில் சமையலறைக்குள் போனால் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வடியும். ஃபிரிட்ஜ் கதவு ரப்பரில் கறுப்புப் பூஞ்சை. ஜாடியில் உப்பு கசிந்து கிடக்கும். ஸ்விட்ச் போர்டைத் தொட்டால் விரலில் ஈரம். "மலைன்னா அப்படித்தான், பனி உள்ள வருது" என்று விட்டுவிடுகிறோம்.

ஆனால், அந்த ஈரத்தில் ஒரு பெரிய பங்கு நம்ம அடுப்பிலிருந்தே வருகிறது. அதைக் குறைப்பது நம்ம கையில்தான் இருக்கு.

அடுப்பிலிருந்து எவ்வளவு தண்ணீர்?

சமையல் கேஸ் எரியும்போது வெப்பத்தோடு நீராவியும் உண்டாகும். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது சுமார் 22 லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. குழம்பு, சோறு கொதிக்கும் ஆவி இதில் சேராது.

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கு. இங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதிச்சிடும். அதனால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக அதிக நேரம் ஆகும், ஆவியும் அதிகம். பழைய ஓட்டு வீட்டில் இந்த ஆவி கூரை இடுக்கு வழியாகப் போய்விடும். கான்கிரீட் வீட்டில் போக வழியில்லை. குளிர்ந்த சுவர், கண்ணாடி, ஃபிரிட்ஜ் ரப்பர் என எது குளிர்ச்சியோ அதன்மேல் துளியாகப் படிகிறது.

பனிமூட்டத்தில் ஜன்னலைத் திறக்கலாமா?

சமைக்கும்போது தாராளமா திறக்கலாம். 10 டிகிரி குளிரில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 9 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 20 டிகிரியில் அது 17 கிராம். வெளிக்காற்று உள்ளே வந்து சூடானதும், இன்னும் ஈரத்தை வாங்கிக்கொள்ள அதில் இடம் கிடைக்கும்.

• சமைக்கும்போதும், முடித்து 15 நிமிடம் வரையும் ஜன்னலைத் திறந்து வையுங்க, அல்லது எக்ஸாஸ்ட் ஃபேனை ஓட விடுங்க. அந்த நேரம் மற்ற அறைகளின் கதவைச் சாத்துங்க.
• பாத்திரத்தை மூடிச் சமையுங்க. பருப்புக்கு குக்கர் நல்லது.
• ஈரத் துணியைச் சமையலறையில் காயப் போடாதீங்க.

சுவர் ஓதமா, காற்று ஈரமா?

சிறு பாலித்தீன் துண்டைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டுங்க. இரண்டு நாள் கழித்துப் பாருங்க. வெளிப்பக்கம் துளி இருந்தால் அறைக் காற்றின் ஈரம். மேலே சொன்ன வழிகள் போதும். சுவர்ப் பக்கம் துளி இருந்தால் கசிவு. கொத்தனாரை அழைப்பதுதான் வழி.

ஃபிரிட்ஜ்

• வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீங்க. நாலு அங்குலம் இடைவெளி விட்டால் பின்னால் பூஞ்சை பிடிக்காது.
• கதவு ரப்பரை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் துடைத்து உலர விடுங்க. கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்க. சுலபமாக வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது.
• காய்கறித் தட்டுக்குக் கீழே தண்ணீர் தேங்கினால், பின்சுவரில் உள்ள சிறு வடிகால் துளையைச் சுத்தம் செய்யுங்க.
• டிசம்பர், ஜனவரியில் ஃப்ரீசரில் ஐஸ் உருகுதா? ரிப்பேர் என்று முடிவு கட்டாதீங்க. 'என்', 'எஸ்.டி.', 'டி' வகை ஃபிரிட்ஜ்கள் 16 டிகிரிக்கு மேல் உள்ள அறைக்காகச் செய்யப்பட்டவை. 'எஸ்.என்.' வகை 10 டிகிரி வரை தாங்கும். அறை ரொம்பக் குளிர்ந்தால் கம்ப்ரசர் சரியாக ஓடாது. வாங்கும் முன் லேபிளில் வகையைப் பாருங்க.

மிக்சி, பிளக், ஸ்விட்ச் போர்டு

இங்கேதான் ஈரம் உயிருக்கு ஆபத்தாகிறது.

• ஃபிரிட்ஜையோ மிக்சியையோ தொடும்போது லேசா 'சுர்'னு இருந்தாலும் அலட்சியம் வேண்டாம். மெயினை அணைத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.
• 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. கருவியைப் பொருத்துங்க. மின்கசிவு ஏற்பட்டதும் நொடிக்குள் மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.
• மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டவே கூடாது.
• குக்கர், கெட்டில் ஆவி ஸ்விட்ச் போர்டில் படாத இடமாகப் பார்த்து வையுங்க.
• 2011 முதல் அரசு வழங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர் இன்னும் பல வீடுகளில் ஓடுது. பழைய ஒயரில் விரிசல் இருக்கான்னு பாருங்க. நனைந்த மிக்சியை ஒரு நாள் முழுக்கக் காற்றாட உலர்த்திய பிறகே பயன்படுத்துங்க.

கேஸ் சிலிண்டர்

ஈரத்தரையில் சிலிண்டரின் அடிவளையம் துருப்பிடிக்கும். மரப்பலகை மேல் வையுங்க. சுரக்ஷா டியூபை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்க. கசிவைச் சோப்பு நுரையால் மட்டும் சோதியுங்க.

இதை மட்டும் செய்யாதீங்க

ஈரம் காயணும், குளிர் விடணும் என்று மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைக்காதீங்க. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூடிய அறையில் கரிப்புகையால் தூக்கத்திலேயே உயிர் போன சம்பவம் கொடைக்கானலிலேயே நடந்திருக்கு. விருந்தினர் அறை வாடகைக்கு விடுபவர்கள் இதைத் தங்க வருபவர்களிடமும் சொல்லுங்க.

ஒரு வாரம் செஞ்சு பாருங்க

உலர்ந்த தூள் உப்பு ஒரு ஸ்பூன் எடுத்து, ஒரு சிறு தட்டில் அடுப்பிலிருந்து தள்ளி வையுங்க. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு நீர்விடத் தொடங்கும். பூஞ்சை வளர்வதும் ஏறக்குறைய அந்த அளவில்தான். முதல் மூன்று நாள் வழக்கம்போல சமையுங்க. அடுத்த மூன்று நாள் ஜன்னலைத் திறந்து, பாத்திரத்தை மூடிச் சமையுங்க, புது உப்போடு. வித்தியாசத்தை உப்பே சொல்லும்.

போனில் சேமித்து வையுங்க

• மின்தடை, மின் புகார்: மின்னகம் 94987 94987
• கேஸ் கசிவு அவசர உதவி: 1906
• பொருள் வாங்கியதில் புகார், வாரண்டி பிரச்சினை: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915