சைக்கிளுக்கு ஏற்ற கிரீஸ் எது?

சைக்கிள் கடையில் ஒரு வண்டியை 'ஓவராயில்' செய்வதைக் கவனித்திருக்கிறீர்களா? சக்கரத்தைக் கழற்றி அச்சை உருவுகிறார்கள். உள்ளே இருக்கும் எஃகுக் குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவித் துடைக்கிறார்கள். பிறகு டப்பாவிலிருந்து கிரீஸை விரலால் வழித்து, கிண்ணம் போன்ற 'கப்'பில் தடவி, அதில் குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதிக்கிறார்கள்.

குண்டுகள் விழாமல் ஒட்டிக்கொள்வதற்கு மட்டும்தானா இந்த கிரீஸ்? எந்த கிரீஸாக இருந்தாலும் போதுமா? சைக்கிளின் எல்லா இணைப்புகளிலும் அதைத் தடவலாமா? பார்ப்போம்.

சோப்புக்குள் எண்ணெய்

கிரீஸ் என்றால் கெட்டியான எண்ணெய் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது எண்ணெயும் சோப்பும் சேர்ந்த பொருள். சோப்பின் நுண்ணிய இழைகள் பஞ்சைப்போல் பின்னிக் கிடக்கின்றன. அவற்றின் இடுக்குகளில் எண்ணெய் தங்கியிருக்கிறது. கிரீஸின் எடையில் பெரும்பகுதி எண்ணெய்தான்.

குண்டுகள் உருளும்போது இந்த எண்ணெய் கசிந்து, குண்டுக்கும் கப்புக்கும் நடுவே மெல்லிய படலமாகப் பரவுகிறது. உலோகம் உலோகத்தோடு நேரே உரசுவதில்லை, தேய்மானம் குறைகிறது. வெறும் எண்ணெயை விட்டால் அது சில நாள்களில் வழிந்துவிடும். சோப்பு இழைகள் அதை வழியவிடாமல் பிடித்து வைக்கின்றன.

மூன்று வகைகள்

கொழுப்பு அமிலத்தோடு எந்த உலோகம் சேர்ந்திருக்கிறதோ அதைப் பொறுத்து சோப்பின் குணம் மாறும். கிரீஸின் குணமும் மாறும்.

கால்சியம் கிரீஸ் தண்ணீரை நன்றாகத் தாங்கும். ஆனால் சாதாரணக் கால்சியம் கிரீஸ் ஏறக்குறைய 60° செல்சியஸுக்கு மேல் நீண்ட நேரம் சூடானால் கெட்டுவிடும்.

சோடியம் கிரீஸ் அதைவிட அதிக வெப்பத்தைத் தாங்கும். ஆனால், நாம் குளிக்கும் சோப்பிலும் இருப்பது சோடியம்தான் அல்லவா? ஆகவே இந்த கிரீஸ் தண்ணீரோடு கலந்து பால்போல் ஆகி வெளியேறிவிடும்.

லித்தியம் கிரீஸ் தண்ணீர், வெப்பம் இரண்டையும் ஓரளவு நன்றாகவே தாங்கும். இதற்கான கொழுப்பு அமிலம் பெரும்பாலும் ஆமணக்கு எண்ணெயிலிருந்து தயாராகிறது. மாட்டுவண்டி அச்சுக்கு வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துத் தடவினார்களே, அதே எண்ணெய்தான்!

சைக்கிளின் எதிரி யார்?

ஒரு கணக்குப் போடுவோம். சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிடத்திற்கு 333 மீட்டர். சக்கரம் நிமிடத்திற்குச் சுமார் 150 முறைதான் சுற்றுகிறது. இந்த வேகத்தில் குண்டுகள் பெரிதாகச் சூடாவதில்லை. காரின் சக்கரத்திலோ பக்கத்திலுள்ள பிரேக்கின் வெப்பமும் வந்து சேரும்.

ஆகவே சைக்கிளுக்கு எதிரி வெப்பம் அன்று. மழைநீர், தெருவில் தேங்கிய நீர், தூசி ஆகியவைதான். 'அதிக வெப்பம் தாங்கும்' என்று டப்பாவில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. தண்ணீரைத் தாங்குமா என்று கேளுங்கள். கால்சியம், லித்தியம் இரண்டுமே சைக்கிளுக்குப் பொருந்தும். சோடியம் பொருந்தாது.

தவறாகத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும்? கிரீஸ் கரைந்த இடத்தில் துரு ஏறும். குண்டுகள் ஓடும் 'கோன்' மீது சிறு குழிகள் விழும். அதன்பின் எவ்வளவு நல்ல கிரீஸ் வைத்தாலும் பயனில்லை. கோனையே மாற்ற வேண்டும்.

டப்பாவில் ஓர் எண்ணையும் காணலாம். அது கிரீஸின் கெட்டித்தன்மையைக் குறிக்கிறது. 25° செல்சியஸில் ஒரு கூம்பை கிரீஸின்மேல் விட்டு, 5 விநாடியில் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளக்கிறார்கள். 26.5 முதல் 29.5 மி.மீ. வரை இறங்கினால் அது 2ஆம் எண் கிரீஸ். சைக்கிளுக்கு இதுவே ஏற்றது. பழைய கிரீஸை முழுவதும் துடைத்த பிறகே புதியதை வையுங்கள். ஒன்றுக்கொன்று ஒத்துவராத சோப்புகள் கலந்தால் கிரீஸ் இளகி வழியக்கூடும்.

எங்கே தடவலாம்?

உருளும் இடங்கள்: சக்கர அச்சு, பெடல் அச்சு, ஹேண்டில் பார் திரும்பும் கழுத்து. இங்கே குண்டுகள் நன்றாகப் பதியும் அளவுக்கு கிரீஸ் வேண்டும்.

அசையாமல் இறுகும் இடங்கள்: சீட்டைத் தாங்கும் குழாய், பெடலின் மரை. இங்கே உருளுவது எதுவும் இல்லையே, கிரீஸ் எதற்கு? நீரையும் காற்றையும் தடுப்பதற்கு. இரும்பு துருப்பிடித்தால் அதன் பருமன் பெருகும்; குழாய் சட்டத்துக்குள் இறுகிச் சிக்கிக்கொள்ளும். எஃகுச் சட்டத்தில் அலுமினியக் குழாய் இருந்தால், இடையில் உப்புநீர் புகும்போது அது ஒரு மின்கலம்போல் செயல்பட்டு அலுமினியம் அரிக்கப்படும். மெல்லிய கிரீஸ் பூச்சு இதைத் தடுக்கும். கார்பன் இழையாலான பாகங்களுக்கு மட்டும் கிரீஸ் கூடாது. வழுக்காமல் பிடிப்பதற்கென்றே நுண்துகள் கலந்த தனிப்பசை இருக்கிறது.

செயின்: இதன் இணைப்புகளுக்குள் கிரீஸ் எளிதில் நுழையாது. வெளியே ஒட்டிய கிரீஸ் மணலைச் சேர்த்து உப்புத்தாள்போல் செயினை அராவும். எண்ணெய் விட்டு, வெளியே படிந்ததைத் துடைத்துவிடுங்கள்.

பிரேக் பிடிக்கும் இடங்கள்: ரிம், பிரேக் கட்டை, டிஸ்க். இங்கே உராய்வுதான் நம் உயிரைக் காக்கிறது. ஒரு துளி கிரீஸும் படக்கூடாது. வேலை முடிந்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவிய பிறகே ரிம்மைத் தொடுங்கள்.

செய்து பாருங்கள்

1. வடிதாளில் பட்டாணி அளவு கிரீஸை வைத்து ஒரு நாள் வெயிலில் விடுங்கள். சுற்றிலும் எண்ணெய் வளையம் பரவும். நடுவில் கிரீஸ் அப்படியே இருக்கும். ஏன்?

2. பழைய தட்டில் சிறிது கிரீஸை வைத்து, சில துளி நீர் விட்டுக் கரண்டியால் தேயுங்கள். பால்போல் கலங்கிக் கரைகிறதா, நீர் தனியே நிற்கிறதா? கரைந்தால் அது உங்கள் சைக்கிளுக்கு வேண்டாம்.