சாம்பியன் ரீப்ஸில் கல்லறை தேடுவோருக்கு

தமிழ்ப் பௌத்த அறிஞர் அயோத்திதாசரின் நூல்களை மறுபதிப்பிட்ட சித்தார்த்தா புத்தகசாலை இயங்கியது கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில்தான். அவர் 1914-இல் மறைந்தார். பின்னாளில் அவருடைய ‘தமிழன்’ இதழைத் தங்கவயலிலிருந்து நடத்தினார் ஜி. அப்பாதுரையார். அயோத்திதாசரைப் பின்பற்றிய தங்கவயல் குடும்பங்களின் உறவினர் அடக்கமான இடத்தைத் தேடுவோர் மயானத்துக்குக் கிளம்பும்முன் பழைய இதழ்களின் மரண அறிவிப்புகளைப் புரட்டுவது நல்லது.

இறந்தவரின் மதமும் அவர் வேலைபார்த்த சுரங்கமும் முதலில் தெரிய வேண்டும். கிறிஸ்தவர் என்றால் தேவாலய அடக்கப் பதிவேடு கைகொடுக்கும். ஆங்கிலேயக் குடும்பங்களுக்கு, அப்பதிவுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் சென்னை மாகாண வரிசையில் உள்ளன.

பெயரை ஒரே எழுத்துக்கூட்டில் தேடக் கூடாது. முனுசாமி, ஆங்கிலப் பதிவில் ‘மூனூஸ்வாமி’யாகவும் ‘முனிசாமி’யாகவும் இருப்பார்.

மயானத்தில் கல்லறை எழுத்தைப் படிக்கக் காலை, மாலை சாய்வெயிலே உகந்தது. தேய்ந்த எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும். சுண்ணத்தூள் தேய்ப்பதும் கம்பித் தூரிகையால் சுரண்டுவதும் கல்லுக்குக் கேடு. தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். பக்கத்துக் கல்லறைகளையும் படமெடுத்துக்கொள்ள வேண்டும். மைத்துனரோ மருமகளோ அங்கேயே இருக்கலாம்.

சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டுப் பல குடும்பங்கள் ஊர் மாறிவிட்டன. சுரங்கத் தொழிலாளரின் லயன் வீடுகளில் இன்னும் இருக்கும் முதியோரிடம் உடனே கேட்டு வைப்பது அவசியம்.