மிதக்குதா, மூழ்குதா?

பிளாஸ்டிக் பாட்டில்களை ஒரே மூட்டையாகக் கட்டிப் பழைய பேப்பர்காரரிடம் தள்ளிவிடுவதுதான் நம் வழக்கம். இனம் பிரித்துக் கொடுத்தால்தான் அது நூலாகவோ வாளியாகவோ திரும்பி வரும்.

முதலில் பாட்டிலைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 1 என்றால் பெட்: தண்ணீர், கூல்டிரிங்க்ஸ் பாட்டில்கள். 2 என்றால் எச்டிபிஇ: பெரும்பாலான ஷாம்பு பாட்டில்கள். 5 என்றால் பிபி: ஓட்டல் சாம்பார் வரும் டப்பா. மூன்றுக்கும் மூன்று சாக்கு வையுங்கள்.

எண் தேய்ந்திருந்தால் ஓரத்தில் விரல்நகம் அளவு வெட்டி, ஒரு சொம்புத் தண்ணீரில் போடுங்கள். போட்டால் மட்டும் போதாது, விரலால் அமுக்கி முக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டு, மூழ்க வேண்டியதும் மிதந்து ஏமாற்றும். ஒரு சொட்டு பாத்திர சோப்பு விட்டால் குமிழித் தொல்லை இராது. எச்டிபிஇ, பிபி இரண்டும் தண்ணீரைவிட லேசு, மிதக்கும். பெட்டின் அடர்த்தி சுமார் 1.38, அடியில் போய்ப் படுத்துவிடும். ஆலைகளிலும் பெரிய தொட்டியில் இதே வித்தைதான். அதனால் பெட் பாட்டிலில் மூடியை மறந்துவிட்டாலும் குடி முழுகாது. மூடித் துண்டுகள் அங்கே தனியாக மிதந்துவிடும்.

மன்னிக்க முடியாதது பிவிசி, எண் 3. அதுவும் மூழ்கும், பார்வைக்கும் பெட் போலவே இருக்கும். பெட்டை உருக்க 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் பிவிசி சிதைந்து அமில வாயுவைக் கக்கும், கூட இருக்கும் பெட்டையும் பழுப்பாக்கிக் கெடுக்கும். அடையாளம் அடிப்பாகத்தில்தான். பெட் பாட்டில் என்றால் நட்டநடுவில் கொப்புளம் போல ஒரு புள்ளி தட்டுப்படும். பிவிசி பாட்டிலில் அடியின் குறுக்கே ஒட்டுக்கோடு ஓடும். மடித்தால் மடித்த இடம் வெளுக்கும். சந்தேகம் வந்தால் பெட் சாக்கில் போடாதீர்கள்.

கழுவ நல்ல தண்ணீரை வீணாக்க வேண்டாம், அரிசி களைந்த நீரே போதும். எண்ணெய் பாட்டிலுக்கு மட்டும் சோப்பு நீரும் ஒரு பிடி குருணையும் போட்டுக் குலுக்குங்கள். கொதிநீர் ஊற்றினால் பெட் சுருண்டு கோணிக்கொள்ளும்.

கவிழ்த்துக் காயவைத்து, லேபிளைக் கிழித்து, மிதித்துத் தட்டையாக்கிச் சாக்கில் போடுங்கள். பூச்சிமருந்து, ஆசிட் கேன்களைக் கழுவவும் வேண்டாம், இந்தச் சாக்குகளில் சேர்க்கவும் வேண்டாம். அவற்றைத் தனியாகக் கட்டி, இன்னதென்று தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கொடுங்கள்.